மேல்படிக் கூவல்

"போதும்" என்ற சொல்லை அன்று காலையே தயாராக வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். போட்டி முடிந்ததும் ஹால்வோர் என்னிடம் கேட்பான். நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும்.

ஹால்வோருக்கு முப்பத்திரண்டு வயது. பனிச்சறுக்குத் தாவலில் அது கிழவனின் வயது. முந்தைய குளிர்காலத்தில் தரையிறங்கும்போது விழுந்து அவனுடைய இடது முட்டியின் தசைநார் அறுந்தது. அதை மடக்கவும் நீட்டவும் மறுபடி பழக்கியவள் நான்தான். மருத்துவமனையில் பிசியோதெரபி என் வேலை. முட்டி சரியானபோது, அவன் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டு வேறு காரணங்களுக்காக வரத் தொடங்கினான். வருகிற கோடையில் எங்களுக்குக் கல்யாணம்.

அடுத்த ஆண்டும் தாவுவானா, விலகுகிறானா என்று அணியில் கேட்டிருந்தார்கள். இன்று போட்டி முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

"நான் தாவி நீ ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்லை, சிக்ருன்," என்றான் முந்தின வாரம். "ஒரே ஒரு தடவை வந்து பாரு. அப்புறம் நீ என்ன சொல்றியோ அதுதான்."

உண்மைதான். தொலைக்காட்சியில் அவன் முறை வரும்போது நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

துணைக்கு ஒட்னி வந்தாள். மருத்துவமனையில் என் பக்கத்து அறைக்காரி, வாய்க்காரி. அவள் கணவன் ஐவின் ஊரில் எந்தப் பனிப்போட்டி நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவன். முதுகுப்பையில் காப்பிக் குடுவை, ஆரஞ்சு, உட்கார மெத்தைத் துண்டுகள், உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் என்று ஒரு வாரத்துக்கு உண்டானதைச் சுமந்து வந்தான்.

எங்கள் ஊரான லில்லெஹாம்மரில் தாவுகளத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை நீண்ட படிக்கட்டு உண்டு. எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எல்லோரும் கீழே, வீரர்கள் தரையைத் தொடும் இடத்துக்கு நேராக இடம் பிடிப்பார்கள். நான் ஏறிக்கொண்டே போனேன்.

"எங்கடி போற? வானத்துக்கா?" என்றாள் ஒட்னி, மூச்சு வாங்க.

"விளிம்புக்குப் பக்கத்துல."

"அங்கேருந்து பாத்தா கிளம்புறது மட்டும்தானே தெரியும்?"

"அதான் வேணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பின்னாலேயே ஏறினாள்.

விளிம்பு என்பது சறுக்குப் பாதை சட்டென்று முடிந்துபோகும் இடம். கோபுரத்தின் உச்சியிலிருந்து சறுக்கிவரும் ஆள் அங்கேதான் காற்றில் எழ வேண்டும். அதன் ஓரத்திலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. சுற்றிலும் நிறையப் பேர் கொடிகளோடு நின்றார்கள். ஐவின் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது மியோசா ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் ஏரி காணாமல் போனது. பிறகு ஊர், அடிவாரத்துக் கூட்டம், பெரிய திரை. கடைசியில் எங்களுக்குக் கீழே பத்துப் படிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

போட்டியை நிறுத்திவைத்தார்கள். எங்களைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சாமான்களைக் கட்டினார்கள். "கீழே போனா திரையாவது பக்கத்துல இருக்கும், சூடா சூப்பும் கிடைக்கும்," என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். மேல்படியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சினோம்.

மூடுபனி கொஞ்சம் மெலிந்ததும் நடுவர்கள் பச்சை விளக்கைப் போட்டார்கள். துணி கிழிவதுபோல ஒரு சத்தம் மேலிருந்து வந்தது. மஞ்சள் உடையில் குந்தியிருந்த ஓர் உருவம் எங்களைத் தாண்டிப் பாய்ந்து, விளிம்பில் நிமிர்ந்து, வெள்ளைக்குள் படுத்துக்கொண்டது. நான் ஆரஞ்சுச் சுளையை வாயருகே பிடித்தபடி நின்றேன். ஒரு மனிதன் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவன் எங்கே போனான் என்று கேட்க ஆளும் இல்லை.

சற்று நேரத்தில், கீழே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு படியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் சீறியது.

"மேலே நிக்கிறவங்களே! செத்தா போயிட்டீங்க? கூவித் தொலைங்க!"

ஐவின் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, மறந்தே போச்சு. மேல்படியில நாமதானே இருக்கோம்! நாமதான் கூவணும்."

மூடுபனி நாளில் இங்கே அதுதான் வழக்கம். ஆள் விளிம்பை விட்டுக் கிளம்புவதைப் பார்ப்பவர்கள் "ஹோய்" என்று கூவ வேண்டும். அடுத்த படிகளில் நிற்பவர்கள் அதை வாங்கிக் கூவுவார்கள். அப்படியே கூவல் படி படியாக இறங்கும். யாருக்கும் எதுவும் தெரியாவிட்டாலும், ஒருவன் இப்போது தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறான் என்று மலைமுழுக்கத் தெரியும்.

அடுத்தவன் போலந்துக்காரன். அவன் எழுந்த நொடியில் மூவரும் கூவினோம். எங்கள் கூவல் மூடுபனிக்குள் விழுந்தது. ஓர் இமைப்பொழுது அமைதி. பிறகு கீழே யாரோ அதைப் பிடித்தார்கள், அதற்குக் கீழே இன்னும் பலர். சத்தம் சரிவில் உருண்டு, பெருத்து, அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான தொண்டைகளில் இடிபோல விழுந்தது. எனக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்தது. அந்த ஆள் எங்கேயிருக்கிறான் என்பதை என் காது விரலால் தொடுவதுபோல அறிந்தது.

ஸ்லோவேனியாவுக்குக் கூவினோம், ஜப்பானுக்குக் கூவினோம், ஆஸ்திரியாவுக்குக் கூவினோம். நீலமும் மஞ்சளுமாய் ஒருவன் உச்சியில் வந்து உட்கார்ந்தான்.

"எப்பவும் நம்மளோட மல்லுக்கு நிக்கிற ஸ்வீடன்காரனுக்குமா கூவணும்?" என்றாள் ஒட்னி.

"கூவு. கொஞ்சம் சின்னதா கூவு," என்றான் ஐவின்.

ஆனால் அவன் விளிம்பில் எழுந்த விதத்தைப் பார்த்ததும் ஒட்னிதான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கூவினாள். "என்ன பண்றது, அழகாப் போறான் பாவி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஹால்வோரின் பெயர் கேட்டது.

கோபுர உச்சியில் வீரர்கள் உட்கார்ந்து கிளம்பும் கம்பியில் சிவப்பாக ஒரு புள்ளி நகர்ந்து நடுவில் வந்து அமர்ந்தது. அந்த இடது முட்டியின் ஒவ்வொரு நாரும் எனக்குத் தெரியும். எந்தக் கோணத்தில் அது முனகும் என்பதும் தெரியும்.

"நீங்க கூவிடுங்க," என்றேன். "என்னால முடியாது."

"முடியாதுன்னா?" என்றாள் ஒட்னி. "இது உன்னோட ஆளு. நாங்க வாயைத் திறக்க மாட்டோம்."

"விளையாடாத ஒட்னி."

"நான் விளையாடல. நீ கூவலைன்னா அவன் பறக்கிறது கீழே ஒருத்தருக்கும் தெரியாது. உன் இஷ்டம்." அவள் ஐவினின் வாயைத் தன் கையுறையால் பொத்தினாள். அவன் கண்களை மட்டும் உருட்டினான்.

விளிம்புக்கு எதிரே மேடையில் நின்ற பயிற்சியாளர் கொடியைத் தாழ்த்தினார். ஹால்வோர் கம்பியை விட்டான்.

துணி கிழியும் சத்தம் நெருங்கியது. அவன் எங்களைத் தாண்டியபோது முகத்தைப் பார்த்தேன். பயம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூங்குகிறவனின் முகத்தில் இருக்கும் அமைதிதான் இருந்தது. விளிம்பில் அந்த முட்டி நீண்டது. நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் திட்டியும் நீட்டவைத்த முட்டி, ஒரு தயக்கமும் இல்லாமல் முழுசாக நீண்டது.

நான் கூவினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிப் பாதியில் உடைந்து கீச்சென்று போனது. கீழே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே நேரம் மூடுபனி ஓரிடத்தில் விலகியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பறவையை நாம் எப்போதும் கீழே நின்றுதான் பார்க்கிறோம். நான் அவனை மேலிருந்து பார்த்தேன். அகன்று விரிந்த இரண்டு சறுக்குக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே அவன் முதுகு, அவனுக்குக் கீழே வெறும் ஆழம். விரல்களை மட்டும் லேசாக அசைத்து அவன் காற்றோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். தினமும் என் சமையலறையில் காப்பியைச் சிந்தும் கை அது. பிறகு வெள்ளை மூடிக்கொண்டது.

கூவல் இறங்கிக்கொண்டே போனது. மற்றவர்களுக்கு அது முடிந்த இடத்தைத் தாண்டியும் போனது. இன்னும் அவன் இறங்கவில்லை. ஒட்னி என் கையைப் பிடித்திருந்தாள், வலித்தது. கடைசியில் மிகவும் கீழே இரண்டு கட்டைகளும் பனியை அறையும் சத்தம் கேட்டது. மலை முழுவதும் அதிர்ந்தது. அழுகிறேன் என்பது கன்னம் குளிர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஐவின் கையுறையைத் தட்டிவிட்டான். "மூச்சு முட்டிச் சாகப் பாத்தேன்," என்றான்.

ஹால்வோருக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது. நாங்கள் அடிவாரத்துக்கு இறங்கி வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கே நின்னே?"

"மேல்படியில. நான் கூவினது கேட்டுச்சா?"

"காத்துச் சத்தம் தவிர ஒண்ணுமே கேக்காது அங்கே." கொஞ்சம் வருத்தமாகச் சொன்னான். பிறகு கட்டைகளைக் கீழே வைத்தான். "சரி. பாத்துட்டே. சொல்லு. அணிக்காரங்க உள்ளே காத்திட்டு இருக்காங்க."

காலையிலிருந்து வைத்திருந்த சொல் இன்னும் இருந்தது. பயமும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்த முதுகை மேலிருந்து பார்த்தவளால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.

"எங்கே பாத்தேன்? ஒரே மூடுபனி," என்றேன். "ஒரு துண்டுதான் தெரிஞ்சுது. அது போதாது."

அவன் புரியாமல் பார்த்தான்.

"அடுத்த வருஷம் வெயிலடிக்கிற நாளாப் பாத்துக் கூப்பிடு, ஹால்வோர். மேல்படியிலதான் நிப்பேன்."

அவன் வேலிக்கு மேலாக என்னை இழுத்து அணைத்துக்கொண்டான். அவன் தலைக்கவசம் என் நெற்றியில் இடித்தது.

"அடுத்த வருஷம் கூவுறதுக்கு வேற ஆள் பாத்துக்கங்க," என்றாள் ஒட்னி பின்னாலிருந்து. "என் தொண்டை போச்சு. ஐவின், அந்தக் காப்பியைக் குடு."

நான் வேலிக்கு அடியில் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் அவன் இடது முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடு இருந்தது. வீக்கம் இல்லை.

"போ. உள்ளே போய்ச் சொல்லிட்டு வா," என்றேன். "வந்ததும் இதுக்கு ஐஸ் வைக்கணும்."