லீரியோ சந்தில் ஜூன்

லீரியோ சந்தில் பதினோரு வருடம் தொடர்ந்து ஜூன் மாதமே நடந்தது. சாவோ பாவ்லோ நகரத்தின் கம்பூசிப் பேட்டையில், வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கும் மூடிக்கிடந்த தொப்பித் தொழிற்சாலைக்கும் நடுவே நுழைகிற அந்தச் சந்தில் பதினான்கு வீடுகள். அந்த வருடம் ஜூன் முப்பதாம் தேதி மாலை, அந்தோணியார், அருளப்பர், இராயப்பர் மூவரின் திருநாள்களும் முடிந்துவிட்டன என்று, சந்தின் குறுக்கே கட்டியிருந்த காகிதத் தோரணங்களை ஒலிம்பியா என்ற தையற்காரி தன் கையால் அவிழ்த்து மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். சொக்கப்பனைச் சாம்பலையும் கூட்டி அள்ளியாயிற்று. விடிந்தபோது தோரணங்கள் அதே முடிச்சுகளோடு அதே ஆணிகளில் ஆடிக்கொண்டிருந்தன. சாம்பல் இருந்த இடத்தில் புது விறகு அடுக்கியிருந்தது.

“நேத்து நான் மடிச்சு வெச்சதைத் திரும்பக் கட்டினவ எவடி? எனக்கென்ன வேற வேலை இல்லையா?” என்று ஒலிம்பியா பதினான்கு வாசலிலும் நின்று கத்தினாள். எவளும் இல்லை. சுவர் நாட்காட்டியில் ஜூன் தாளைக் கிழித்தால் அடியிலும் ஜூன் தாள் இருந்தது. ஒரு வீட்டில் கோபத்தில் பன்னிரண்டு தாளையும் கிழித்தார்கள், பன்னிரண்டும் ஜூன். ஆகஸ்டு வாக்கில் சந்துக்காரர்கள் நாட்காட்டியைக் கிழிப்பதையே விட்டுவிட்டார்கள். அந்த ஊரில் ஜூன்தான் குளிர்காலம், டிசம்பர் கோடை. டிசம்பரில் நகரமே வியர்வையில் ஊறிக் கிடக்க, சந்துக்குள் காலெடுத்து வைத்த தபால்காரரின் வாயிலிருந்து ஆவி பறந்தது. முதல் நாள் அவர் கடிதங்களைப் போட்டுவிட்டு ஓடினார். மறுநாள் ஸ்வெட்டரோடு வந்தார்.

ஐந்தாம் எண் வீட்டு ஜுரேமாதான் இதில் மற்றவர்களைவிட அதிகம் திகைத்தவள். ஆனால் அவள் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம், அந்த ஜூன் இருபத்தெட்டாம் தேதி மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்: “அம்மா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரர் ஜூலையைப் பாக்க மாட்டார்.” அவள் கணவன் அதெமார் சுவருக்கு வண்ணம் அடிப்பவன். முப்பத்தெட்டு வயது, அவளைவிட ஐந்து வயது இளையவன். நுரையீரல் கரைந்துவிட்டது என்றார்கள். முப்பதாம் தேதி முழுக்க ஜுரேமா அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒலிம்பியா போட்ட கூச்சலில்தான் விடிந்ததே அவளுக்குத் தெரிந்தது. அதெமார் எழுந்து உட்கார்ந்து, “காப்பி இருக்கா?” என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவன் சந்தை விட்டு வெளியே வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவனுக்கே புரிந்துவிட்டது. சந்து முனையில், பட்டறையின் எண்ணெய்க் கறை தொடங்குகிற இடத்தில், தானே ஒரு மஞ்சள் கோடு அடித்தான். அதற்கு அப்பால் ஜூலை நின்றது. பிறகு ஆகஸ்டு நின்றது. ஆறு மாதம் கழித்து வேறு பேட்டைக் குடும்பம் ஒன்று, சாகக் கிடந்த தங்கள் கிழவரைக் கட்டிலோடு தூக்கிவந்து சந்தில் வாடகைக்கு வைத்தார்கள், இங்கே இருந்தால் சாவு வராது என்று. மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார். சந்தின் பூனைகளும் அந்தந்தக் காலத்தில் செத்தன, பிள்ளைகளும் அந்தந்தக் காலத்தில் வளர்ந்தார்கள். மாதம் நகராததால் யாருக்கும் எதுவும் தடைபடவில்லை. இந்த ஜூன் ஒருவனுக்காக மட்டுமே நிற்கிறது என்று அப்போதாவது அவர்களுக்கு விளங்கியிருக்கலாம். விளங்கவில்லை.

ஜுரேமாவின் வேலை, நகரத்தைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பேட்டை பேட்டையாக நடந்து தின்னவைப்பது. லிபர்தாஜியில் ஜப்பான்காரர்களின் சந்தை, பொம் ரெச்சீரோவில் யூதர்களின் அடுமனையும் அதற்கு எதிரே கொரியாக்காரர்களின் அடுப்பும், பாரியில் பொலிவியாக்காரர்கள் கூடும் ஞாயிற்றுச் சதுக்கம், பிஷிகாவில் இத்தாலியர்களின் மாதா கோயில் தெரு. எந்தப் பேட்டையில் எந்த மாதத்தில் எது சூடாக இருக்கும் என்று அவள் கால்களுக்கே தெரியும். முன்பெல்லாம் அதெமாரும் கூட வருவான். இப்போது அவன் வர முடியாததால், மாதங்களை அவள் அவனுக்குக் கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியில். பிஷிகாவில் மாதா திருவிழா நடக்கும்போது பொரித்த பாலாடைக்கட்டி ரொட்டி வந்தால் அவனுக்கு அது ஆகஸ்டு. தேன் கேக் வந்தால் யூதர்களின் புத்தாண்டு, செப்டம்பர். மரத்தண்டிலேயே காய்க்கும் கறுப்பு ஜபூட்டிகாபா பழம் அக்டோபர். உலர்பழ ரொட்டி டிசம்பர். ஒட்டும் அரிசி உருண்டை வந்தால் ஜனவரி. கார்னிவலுக்கு மட்டும் கொண்டுவர எதுவும் இல்லாததால், தெருவில் அவள் தலையில் விழுந்த வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தட்டாமல் அப்படியே வந்து அவன் முன்னால் தலையைக் குனிவாள். அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பான். “பிப்ரவரி வந்துடுச்சு” என்பான்.

அதற்குள் நகரத்தில் செய்தி பரவியது. டிசம்பர் வெயிலில் வெந்துபோனவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு சந்துக்கு வரத் தொடங்கினார்கள். ஜூனுக்கு மட்டுமே உரிய பண்டங்களை வருடம் முழுக்கத் தின்னலாம் என்றால் யார் விடுவார்கள்? சோள இலையில் பொதிந்து அவித்த இனிப்பையும், இஞ்சியும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய கரும்புச் சாராயத்தையும் பதின்மூன்று வீடுகள் விற்றன. ஜுரேமா மட்டும் தன் கூட்டத்தை அந்தப் பக்கம் திருப்பவில்லை. “ஊர் உலகமெல்லாம் காட்டறே, சொந்தச் சந்தைக் காட்ட மாட்டேங்கிறியே” என்று ஒலிம்பியா பத்து வருடம் முனகினாள். “அது நான் தூங்கற இடம் அக்கா” என்று ஜுரேமா பத்து வருடமும் அதே பதிலைச் சொன்னாள். பதினோராம் வருடம், ஜனவரியில், தெற்கிலிருந்து வந்த எட்டுப் பேர் ஜூனைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டோம் என்று அடம்பிடித்ததால், அவள் ஒரே ஒரு முறை இணங்கினாள்.

சொக்கப்பனைப் பக்கத்தில் அதெமார் எல்லோருக்கும் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு குண்டு அம்மாள், நல்லவள்தான், குவளையை வாங்கிக்கொண்டு ஜுரேமாவைப் பார்த்துச் சிரித்தாள். “உங்க பையன் ரொம்ப அழகா இருக்கானே! இன்னும் கல்யாணம் ஆகலையா?”

 விறகு வெடித்தது. ஜுரேமா கணவனைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம், பதினோரு வருடம் பார்த்த முகம், அதை அந்தக் கணத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒரு நரை இல்லை. கண்ணோரம் ஒரு கோடு இல்லை. ஒலிம்பியா கையிலிருந்த தட்டை நழுவவிட்டாள். அதெமார் குவளையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். அவள் கூட்டத்தை அனுப்பிவிட்டு வந்தபோது, அவன் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். ஐம்பத்துநாலு வயது, வெயிலில் நடந்து நடந்து அறுபதைப் போலக் காய்ந்த முகம், பக்கத்தில் முப்பத்தெட்டு.

“நான் கவனிக்கவே இல்ல, ஜுரேமா.”

“நானும்தான். வெளக்க அணைச்சிட்டுப் படு.”

அவர்கள் அதைப் பற்றி மேற்கொண்டு பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் மதியம் தொலைபேசி அடித்தது. மகள் சிமோனிக்கு வலி எடுத்துவிட்டது. நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. சந்தில் ஜூன் தொடங்கியபோது பதின்மூன்று வயதாக இருந்தவள், வேறு பேட்டையில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அந்தக் கல்யாணத்தை அதெமார் பார்க்கவில்லை, தூக்குச்சட்டியில் வந்த கேக்கைத்தான் பார்த்தான். ஜுரேமா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவன் ஸ்வெட்டரும் சட்டையுமாக வாசலில் நின்றான்.

“எங்க கெளம்பிட்டே?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“உனக்கு என்ன பைத்தியமா? வெளியில ஜனவரி! ஜூலையையே பாக்க மாட்டார்னு டாக்டர் சொன்ன ஆள் நீ!”

“பதினோரு வருஷமா ஆகஸ்டை நீ சட்டியில கொண்டாந்து குடுத்தே. ஒவ்வொரு தடவையும் ஆறிப்போன ஆகஸ்டு. பேரப்புள்ளையையும் சட்டியில வெச்சுக் கொண்டாருவியா?”

“ஆறினாலும் தின்னியே! உசுரோட இருந்தியே!” அவள் அவன் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். “நான் கெழவியாயிட்டேன்னுதானே போறே? ரோஷமா? என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுல என்னடா ரோஷம்?”

“தனியாத்தான் இருந்திருக்கே. அத்தனை மாசமும் நீ ஒருத்தியாத்தான் நடந்திருக்கே.”

 அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடந்தாள். பதினான்கு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மஞ்சள் கோட்டருகே ஒலிம்பியா முழங்காலில் விழுந்து மாதாவைக் கூப்பிட்டாள். பட்டறைக்காரர் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்றார். அதெமார் கோட்டைத் தாண்டினான்.

அவன் விழவில்லை. இருமக்கூட இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, பதினோரு வருடம் பார்க்காத கோடை வெயிலைப் பார்த்தான். அலறல் பின்னாலிருந்துதான் வந்தது. சந்துக்குள் ஜனவரி, அடுப்புக் கதவைத் திறந்தாற்போல, ஒரே வீச்சில் புகுந்தது. தோரணங்கள் எல்லோர் கண்முன்னாலும் வெளுத்து, பொடிந்து, மாவாகக் கொட்டின. பதினோரு வருடத்துத் தூசி ஒரே நொடியில் எல்லாக் கூரையிலும் படிந்தது. சோளப் பானைகள் புளித்துப் பொங்கின. ஒலிம்பியா எழுந்து, கம்பளியை உதறிவிட்டு, “போச்சு, எல்லாம் போச்சு” என்று விசிறிக்கொண்டாள்.

ஜுரேமா அதைப் பார்க்கவில்லை. அவள் கணவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலில் அவன் மூச்சு வெள்ளை ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவனைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குக் குளிர்ந்தது, மெல்ல விறகுப்புகை வாசம் அடித்தது. கையை எடுத்தாள், வெயில். நீட்டினாள், ஜூன். “அதெமார்,” என்றாள், “அது உன்கூடவே வருதுடா.”

பேருந்தில் நிற்க இடமில்லை. அவர்கள் ஏறி இரண்டு நிறுத்தம் போவதற்குள் வண்டி முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க, புண்ணியமாப் போகும்” என்றாள் காய்கறிப் பை வைத்திருந்த ஒருத்தி. யார் குளிர்சாதனம் வைத்தது என்று ஓட்டுநர் கண்ணாடியில் தேடினார். ஆஸ்பத்திரியில் செவிலிப்பெண் கதவைத் திறந்தவள் தோள்களைக் கட்டிக்கொண்டு திகைத்து நின்றாள். சிமோனி தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாவைச் சந்துக்கு வெளியே அவள் கடைசியாகப் பார்த்தது பள்ளிச் சிறுமியாக இருந்தபோது.

“அப்பா… நீ செத்துட்டியா?” என்று கேட்டாள் பயத்தில்.

“இல்லடி. பஸ்ஸுல வந்தேன்.”

குழந்தை அரை மணி நேரத்தில் பிறந்தது, பெண். அதெமார் கையில் வாங்கியபோது அதற்கு இரண்டாவது துணி சுற்ற வேண்டியிருந்தது. அது அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, மூக்கை ஒரு முறை சுளித்து, தூங்கிப்போயிற்று. ஜுரேமா அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து, அவனுடைய ஒவ்வொரு மூச்சின் ஆவியையும் எண்ணிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை எண்ணினாள். அது நிற்கவில்லை என்பது தெரிந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவன் அவளோடு நகரத்தில் நடந்தான். ஆகஸ்டில் பிஷிகா மாதா திருவிழாவில், எண்ணெயிலிருந்து எடுத்த பாலாடைக்கட்டி ரொட்டியை வாய் சுடச்சுடத் தின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது, சூட்டினால் என்றான். ஜப்பான்காரர்கள் கூடும் பூங்காவில் செர்ரி மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தபோது, அவன் கீழே நடந்த கிளைகளின் பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மொட்டாகி, அவன் கடந்துபோனதும் மறுபடி விரிந்தன. பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் முதல் வருடம் எழுந்து நின்று பார்த்தன. இரண்டாம் வருடம் பிள்ளைகள் மட்டும் பார்த்தார்கள். மூன்றாம் வருடம் ஒரு கிழவர், “கொஞ்சம் தள்ளி நடப்பா, பூவைப் போட்டோ எடுக்கிறேன்” என்றார். ஒலிம்பியா வெயிற்காலத்தில் ஐஸ் விற்கத் தொடங்கினாள், நன்றாகவே போயிற்று. ஜுரேமாவின் தலை முழுக்க வெளுத்தது, அவனுக்கு ஒரு நரை வரவில்லை. பையனா என்று யாராவது கேட்டால், “புருஷன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாள். அறுபது வயதில் முழங்கால் வலி வந்தபின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டாள்.

வருடத்தில் ஒரு மாதம், நகரம் முழுக்க ஜூன் வந்தபோது, அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோர் வாயிலும் ஆவி, எல்லோர் உடுப்பிலும் புகை வாசம். பேருந்தில் அவன் பக்கம் யாரும் சாயவில்லை. ஒருவன் அவன் காலை நன்றாக மிதித்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் இறங்கிப் போனான்.