கோணவாய் ஜெகதீசனின் இடது கண்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பூந்தமல்லியில் அதைப் பிடுங்கிக்கொண்டு, மரத்துப்போன வாயோடு ஷேர் ஆட்டோவில் ஏறி "பாரிவாக்கம்" என்றேன். வெளியே வந்தது வேறு ஏதோ ஓசை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், காமெடி பண்ற?" எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இறங்குவதற்குள் கதை கிடைத்துவிட்டது. நல்ல கதைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2

முதல் தொடக்கம்: "நெமிலிச்சேரி ரயில் நிலையத்தின் மேல் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி—"

வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே எல்லோரும் லோக்கல் ட்ரெயினில் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது: ரெனிதா நெமிலிச்சேரியில் இருக்கிறாள். பிரபலங்களின் முகங்களை வரைந்து பத்திரிகைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். தீபாவளி மலரின் அட்டைக்குக் கோணவாய் ஜெகதீசனைக் கேட்டிருக்கிறார்கள்.

இது போதும், நேராகப் போகிறது.

ஜெகதீசனை உங்களுக்குத் தெரியாது, நேற்றுதான் அவரை உண்டாக்கினேன். கதைக்குள் அவரைத் தெரியாத ஆளே இல்லை. வாயை வலப்பக்கம் இழுத்துக் கோணுவார், தியேட்டர் அதிரும். சினிமாவில் இத்தனை காலமும் அவர் பிழைத்தது அந்த ஒரு கோணலில்தான். போன பொங்கலன்று எழுந்தபோது முகத்தின் இடப்பாதி அசையவில்லை. முகவாதம். வாய் தானாகவே வலப்பக்கம் கோணிக்கொண்டது. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கத்து மருந்துக்கடையில் போய் மருந்து கேட்டார். கடைக்காரர் காமெடி என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார், பின்னால் நின்றவர் செல்ஃபி எடுத்தார். அன்று மாஸ்க் போட்டவர், வெளியில் கழற்றவே இல்லை.*

* முதலில் ஞானம்மாள் என்று அவருக்கு ஒரு மனைவியும் இருந்தார். அவரும் மகள் யுவராணியும் ஒரே வசனத்தைப் பேசிக்கொண்டிருந்ததால், மனைவியை ஒரு கல்யாணத்துக்கு வந்தவாசி அனுப்பிவிட்டேன்.

3

ரெனிதா இரண்டு படங்களோடு ஜெகதீசன் வீட்டுக்குப் போனாள். முதல் படம் பழைய போட்டோக்களைப் பார்த்து வரைந்தது. வாய் நேராக இருந்தது.

"இதான் எங்க நைனா. இதையே போட்டுடுங்க," என்றாள் யுவராணி.

"யாரும்மா இந்தாளு? பேங்க் மேனேஜர் மாறி கீறான்," என்றார் ஜெகதீசன்.

இரண்டாவது படம் இன்றைய முகம், ஊரெல்லாம் சுற்றிய அந்த மருந்துக்கடை செல்ஃபியைப் பார்த்து வரைந்தது. ரெனிதா தயங்கிக்கொண்டே சொன்னாள்: "சார், இத பக்கத்து ஊட்டு அக்காகிட்ட காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

ஜெகதீசன் மாஸ்க்கைக் கழற்றினார். "நல்லா பாரு கண்ணு. அப்பல்லாம் கோணும்போது ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்குவேன். இப்ப இந்த லெஃப்ட்டு மூடமாட்டேங்குது. அதான் வித்தியாசம்."

மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"தண்ணிய மட்டும் வரையாதீங்க," என்றாள் யுவராணி. "அழுவுறாருன்னு உச்சு கொட்டுவாங்க."

"சிரிக்கட்டும்மா, அதான் என் பொழப்பு. நான் சிரிக்க வெக்காதப்ப சிரிக்கிறான் பாரு, அதான் தாங்கல." மாஸ்க்கைக் கையில் சுருட்டினார். "படத்த பாத்துட்டு ஒரே ஒருத்தன் என்னைய சரியா பாத்தான்னு வெச்சுக்கோ, இத்த தூக்கிப் போட்டுடறேன். இல்லாங்காட்டி ஊட்லயே கெடக்கறேன்."

[இந்த இடத்தில் மழை பெய்யவைத்திருந்தேன். நிறுத்திவிட்டேன்.]

4

ரெனிதாவால் முடியுமா என்று எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது. அவளுக்கு வரவில்லை. வாயை ஒரே கோட்டில் முடித்துவிட்டு, மற்ற உழைப்பையெல்லாம் இடது கண்ணில் போட்டாள். வலது கண் சுருங்கியிருக்கிறது. இடது கண் அகலத் திறந்து, ஈரமாக, பார்ப்பவரை நேரே பார்க்கிறது. ஓரத்தில் கைக்குட்டையோடு ஒரு கை மேலே வருகிறது, இன்னும் கண்ணைத் தொடவில்லை.

ஜெகதீசன் வெகுநேரம் பார்த்தார். "இவன் நம்மளையே பாக்கறாம்மா," என்றார். பிறகு, "அனுப்பு."

5

முடிவு அ: மலர் வெளிவருகிறது. ஊரே புரிந்துகொண்டு உருகுகிறது. (எந்த ஊர்? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: படத்தை மீம் போட்டுச் சிரிக்கிறார்கள். அவர் கதவைச் சாத்திக்கொ—

(இதையும். ஒரு மனுஷனை வீட்டுக்குள் தள்ளிப் பூட்டுவது எழுத்தாளனுக்கு ரொம்பச் சுலபம்.)

முடிவு இ: ஐயப்பன்தாங்கலில் ஒரு சலூன். தீபாவளிக் கூட்டம். உங்கள் முறை வர நேரமாகும். பெஞ்சில் கிடந்த மலரை எடுத்து அட்டையைப் பார்க்கிறீர்கள். எதிர் நாற்காலியில் மாஸ்க் போட்ட ஒரு பெரியவர். அட்டையில் இருப்பது தன் முகம் என்று அவருக்குத் தெரியும், அதனால் அதை அவர் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் ஏதோ பார்த்திருக்க வேண்டும். மாஸ்க்கை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றுகிறார்.

"இன்னாபா, எப்டி கீறேன்?"

என்னைப் பார்க்காதீர்கள். அவர் உங்களைத்தான் கேட்கிறார்.