அக்கினி மூலைப் பட்டன்

ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் புருஷோத்தமன், வாஸ்து சாஸ்திரத்தைத் தொடுதிரை வரைக்கும் கொண்டுவந்த முதல் மனிதர். உலகம் இன்னும் அவரைக் கவனிக்கவில்லை. அது உலகத்தின் தலையெழுத்து.

குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டை எழுதியவள் வடக்குப்பட்டுத் தென்றல். ட்ரேயில் அடுக்கிய குழாய்களை அது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அதுவரை திரையில் எதைத் தொட்டாலும் அசையாது. ஆனால் தொட்டதை மறக்கவும் மறக்காது. சுற்று முடிந்ததும், பந்திக்குக் காத்திருந்த கூட்டம் போல அத்தனை தொடுகைகளும் உள்ளே பாயும்.

அதனால்தான் சுற்று ஓடும்போது 'தொடங்கு' பட்டனைக் கறுப்பாக்கிப் பூட்டியிருந்தாள் தென்றல். இடையில் விழும் தொடுகைகளைத் தூக்கி எறியவும் எழுதியிருந்தாள்.

"இன்னாம்மா இது, சனி புடிச்ச மாதிரி கறுப்பா?" என்றார் புருஷோத்தமன். "கஸ்டமர் வந்து பாத்தா மிஷின் செத்துப்போச்சுன்னு நெனைப்பான். எப்பவும் பச்சையா எரியணும். பட்டனை அக்கினி மூலைக்கு, கீழ வலது பக்கம், மாத்து. பூட்டுகீட்டெல்லாம் எடுத்துடு."

"சார், சுத்து முடிஞ்சதும் வர்ற பக்கத்துல அதே மூலையிலதான் 'கழி' பட்டன் கீது. மிஷின் ஓடச்சொல்ல யாராவது தட்டிட்டாங்கன்னா..."

"நீ கம்ப்யூட்டர் படிச்சே. நான் ஃபேக்டரி நடத்திகினு கீறேன்."

பட்டனை மாற்றினாள். பூட்டையும், தொடுகைகளைத் தூக்கி எறியும் வரிகளையும் எடுத்தாள்.

'கழி'யை அழுத்தினால் மேலிருந்து சிவப்புப் பெயின்ட் பீச்சும். சிவப்பு பட்ட குழாய் நேரே ரம்பத்துக்குப் போகும். திங்கட்கிழமை ஒரு ட்ரே நல்ல குழாய் அப்படிப் போயிற்று. இயந்திரத்தில் நின்றவன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி நயினார். மறுநாள் கஸ்டமர் கம்பெனியின் தர அதிகாரி ஜாஸ்மின் வந்து நிற்க, அவர் எதிரிலேயே நயினாரின் கழுத்திலிருந்த அடையாள அட்டையை உருவினார் புருஷோத்தமன்.

"வேணும்னே அடிச்சிருக்கான், மேடம். இன்னையோட இவன் வெளிய."

"நான் எதுக்கு சார் வேணும்னு அடிக்கேன்? பச்சையில தட்டுனேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி தட்டுனேன். கழிங்கிற பட்டனை நான் தொடவே இல்ல."

"அப்ப மிஷின் தானா பண்ணிச்சா? மிஷினுக்குப் பேய் புடிச்சிருக்கா?"

"பேயப் பத்தி உங்களுக்குத்தான் சார் தெரியும். மூலையெல்லாம் நீங்கதான பாக்கீய."

யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமனின் காது சிவந்தது.

"கையைப் பின்னால கட்டுடா. தள்ளி நில்லு. மேடம், நானே ஓட்டிக் காட்றேன். இது உங்களுக்குப் போற புது ட்ரே."

தென்றல் வாயைத் திறந்தாள்.

"நீ வாயத் தொறக்காத!"

மூடிக்கொண்டாள். மூடுவதில் அவளுக்கு அன்று ஒரு சிரமமும் இருக்கவில்லை.

புருஷோத்தமன் பச்சையைத் தொட்டார். இயந்திரம் உள்ளுக்குள் வேலையை ஆரம்பித்தது. வெளியே பச்சை அப்படியே எரிந்தது. அக்கினி மூலையின் மகிமையை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஜாஸ்மின் கேட்டார்:

"ஓடுதா சார்? ஒண்ணும் ஆன மாதிரி தெரியலையே."

பத்துப் பேர் பார்க்கிறார்கள். ராசிக்கல் மோதிரம் போட்ட விரலால் தட்டினார். அசையவில்லை. அழுத்தித் தட்டினார். கதவு திறக்காத வீட்டைத் தட்டுகிற மாதிரி தட்டினார்.

"டச் கொஞ்சம் ஸ்லோ, மேடம்."

சுற்று முடிந்தது. 'எல்லாம் சரி' என்று திரை மின்னியதைப் பாதிப் பேர் பார்க்கவில்லை. அதற்குள் பெயின்ட் பீச்சியது. ஜாஸ்மினின் ட்ரே முழுக்க சிவப்பு. புருஷோத்தமனின் வெள்ளைச் சட்டைக் கையிலும் சிவப்பு.

"நான் தொடல! மேடம், அந்தக் கழி பட்டனை நான் தொடவே இல்ல!"

நயினார் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். முன்னால் வந்து, மேலாளரின் விரல்களுக்கிடையிலிருந்து தன் அட்டையை இழுத்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஏம்மா, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று தென்றல் பக்கம் சீறினார் புருஷோத்தமன்.

"ஓடச்சொல்ல தட்டுனதுதான் இப்ப 'கழி' மேல வுழுந்துது. வாயத் தொறக்காதன்னீங்க சார்."

ஜாஸ்மின் தன் சிவப்புக் குழாய்களைப் பார்த்துவிட்டு நயினாரைக் காட்டினார்.

"அவரு இங்கயே நிக்கட்டும். நீங்க கையைப் பின்னால கட்டுங்க, சார்."

கட்டினார். யாரும் தொடாமலே இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"சார் தட்டுனது இன்னும் எத்தனை உள்ள கெடக்கு?" என்றார் ஜாஸ்மின்.

"நெறைய கீது மேடம்," என்றாள் தென்றல். "அடுத்த பெயின்ட் சட்டையில படாம ஓரமா நில்லுங்க சார்."