இரண்டு டிரம் ஏரித் தண்ணீர்

அப்பா பெயின்டர். நாவலூரில் ஒரு அடுக்குமாடியின் சுற்றுச்சுவருக்குப் பச்சை அடித்துவிட்டு வந்த அன்று, வாளிகளை எங்கள் ஊர் ஏரியில் கழுவினார். அடுத்த வாரம் கரையோரத் தண்ணீர் பெயின்டைக் கொட்டியதுபோல் பச்சையாகத் திரண்டு நின்றது.

"இன்னா ஸ்டான்லி, ஏரிக்கும் சேத்து அடிச்சிட்டியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நரசிம்மன் வீட்டு மாடு அந்தத் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் மறுக்கவில்லை. விடிந்ததும் போய்ப் பழைய கொசுவலையால் பச்சையை அரித்துக் கரையில் போடுவார். வெயில் ஏற ஏற அது மறுபடி மிதந்து வரும். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். நரசிம்மன் வீட்டில்தான் தொழுவம் கூட்டுகிறேன். மாட்டு டாக்டர் வசுமதி வந்தபோதும் அங்கே இருந்தேன்.

"மாடு பொழைச்சிக்கும்" என்றார் டாக்டர், ஊசி போட்டுவிட்டு. "இது ஒரு பாசி. தண்ணி வத்தி சூடாகி, வெயிலும் நேரா அடிச்சா இப்படிப் பொங்கும். சிலது விஷம். மாடுங்கள ஏரில எறக்காதீங்க."

"பாசியாவது இன்னாவாவது" என்றார் நரசிம்மன். "அவன் வாளி கழுவுனத ஊரே பாத்துச்சு."

டாக்டர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். அப்பா வாளி கழுவுவதற்கு முன்பே ஏரியிலிருந்து மோட்டார் வைத்து நிரப்பிய டிரம்கள் இரண்டு இருந்தன. வெயிலில் திறந்து கிடந்ததில் சொம்பை விட்டேன். பச்சையாக வந்தது. தொழுவத்துக்குள் மூடி வைத்திருந்ததில் இன்னொரு சொம்பு மொண்டேன். தெளிவாக இருந்தது.

இரண்டையும் நரசிம்மன் காலடியில் வைத்தேன்.

அவர் மனைவி சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். "ரெண்டும் நீ ஒரே நாள்ல புடிச்சதுதானேய்யா? ஸ்டான்லி நம்ம வூட்டு டிரம்முலயும் வந்து கழுவினானா?"

நரசிம்மன் வெயிலில் இருந்த டிரம்மை எட்டிப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம், "உங்கப்பன் எங்க கீறான்?" என்றார்.

"ஏரில... அரிச்சிகினு."

"போதும், வரச் சொல்லு."

ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அப்ப நான் இல்லியா?"

"நீ இல்லப்பா."

கொசுவலையைக் கரையிலேயே போட்டார். "இருந்தாலும் வாளிய இனிமே வூட்லயே கழுவிக்கிறேன்" என்றார். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்று, எனக்கு ஒரு பன்னும் தனக்கு இரண்டும் வாங்கினார்.