இரண்டு இரத்தினங்களும் ஒரு கிழட்டுக் கணினியும்

சேந்தனின் காதலுக்கு வில்லனாக வந்து வாய்த்தது ஒரு மென்பொருள். ஆளாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் திருமணச் சேவை நடத்தும் தில்லைநாயகி அன்ரியின் கணினியில், எண்பதுகளில் எழுதிய தரவுத்தளம் ஒன்று இன்னும் ஓடுகிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அது தடையில்லை என்று சொன்னால்தான் புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் லா ஷப்பேலில் பாதித் தாய்மார் சாதகத்தையே கையில் எடுப்பார்கள். சேந்தனின் அம்மாவும் அந்தப் பாதியில்தான் இருந்தார். அவன் மனதைப் பறிகொடுத்தது துஷாந்தியிடம். வீடு புறநகரான சார்செல்லில், வேலை ரூ காய் தெருவில் ஒரு புடவைக் கடையில். அவளுடைய வீட்டாரும் அந்தச் சேவையில் பெயர் பதிந்திருந்ததால், அவளிடம் நேரே கேட்கத் துணிவில்லாத சேந்தன் இரண்டு பெயரையும் பொருத்திப் பார்க்கும்படி அன்ரியிடம் சொன்னான்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: உடன்பிறந்தவர்கள்.

அன்ரியிடமிருந்து செய்தி கேட்ட அம்மா போனில் அழுதார். "உன்ர கொப்பருக்குச் சார்செல்லில வேற குடும்பம் இருக்காமே."

அப்பா இரத்தினமோ, பாவம், சார்செல்லுக்கு எந்த ரயில் என்றுகூடத் தெரியாமல் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுவதுதான் சேந்தனின் உத்தியோகம். அன்ரியிடம் அடித்துப் பிடித்து ஓடினான். அங்கே போனால், அன்ரி துஷாந்தியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அவன் கண்ணைத் திரையில் பதித்துக்கொண்டான். தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசத் தொடங்கினான்.

"அன்ரி, அந்தக் காலத்தில சந்திரனுக்குப் போற ரொக்கெட்டின்ர சாமான்களைக் கணக்கு வைக்க ஒரு தரவுத்தளம் செய்தவை. அது மரம் மாதிரி. ஒவ்வொரு கிளையும் மேல ஒரு கொப்பிலதான் தொங்கும்."

"நல்லதுதானே."

"ரொக்கெட்டுக்கு நல்லது. உங்கட புரோகிராமும் அதே புத்தியிலதான் எழுதினது. இஞ்சை வந்தாப்பிறகு பிரெஞ்சுப் பதிவில அப்பாவின்ர பேர்தானே எங்களுக்கு நோம், குடும்பப் பேர். என்ர அப்பாவும் இரத்தினம், இவவின்ர அப்பாவும் இரத்தினம். எல்லாப் பிள்ளையளையும் ஒரே இரத்தினத்தில கொழுவிப்போட்டுது."

அன்ரியின் முகம் வெளிறியது. "ஐயோ, அப்ப எத்தினை சம்பந்தத்தை நான் குழப்பியிருப்பன்?"

"பிறகு வந்தவை எல்லாத்தையும் அட்டவணையாப் போட்டு, ஆளுக்கொரு இலக்கம் குடுத்தவை. அதைத்தான் சாவி எண்டு சொல்லுறது. பேர் ஒண்டா இருந்தாலும் சாவி வேற."

பேசிக்கொண்டே இரண்டு இரத்தினங்களுக்கும் இரண்டு இலக்கம் கொடுத்து, மறுபடி தேடச் சொன்னான். திரையில் பச்சையாக வந்தது: தடையில்லை. சேந்தன் சந்தோஷம் தாங்காமல் கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினான். துஷாந்தியின் முகம் எதிரே வந்தபோதுதான், இவளை இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது உறைத்தது.

அவனுக்காக அன்ரியே கேட்டார். "மெசின் ஓம் எண்டிட்டுது. பிள்ளை, நீர் என்ன சொல்லுறீர்?"

துஷாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"ஒரே குடும்பம் எண்டு அது முதல் சொன்னதும் பெரிய பிழையில்லை, அன்ரி. கொஞ்சம் அவசரப்பட்டிட்டுது."