சின்னவள் குரல் போன இடம்

மாமனார் பணி ஓய்வு பெற்ற நாளில், பேருந்துப் பணிமனைச் சுவரில் மாட்டியிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, சின்னவளின் குரல் அதில் இல்லை.

அவருடைய இரண்டு பெண்கள், பெரியவளும் சின்னவளும், சேர்ந்து பாடிய பாட்டு அது. முதல் வரி பெரியவளுடையது, கணீரென்று வந்தது. இரண்டாவது வரி சின்னவளுடையது. அந்த இடத்தில் கிட்டார் மட்டும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மறுபடி பெரியவள், மறுபடி வெறும் கிட்டார். கூடியிருந்த மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து பாடும் இடம் வந்ததும் மாமனார் பூங்கொத்தை மடியில் வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பெரியவ மட்டும்தான் பாடுறாளா? சின்னவ எங்கயோ பக்கத்து ரூம்ல பாடுற மாதிரியில்ல இருக்கு."

அவருக்கு மெதுவாகப் பேச வராது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அவர் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. சின்னவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்து, குரல்களையும் கிட்டாரையும் கலந்து மிக்ஸிங் செய்தவன் மாமனாரின் மருமகன், பெரியவளின் கணவன். நண்பர்கள் வட்டாரத்தில் அவனுக்குக் 'காது' என்று பெயர். மூன்று அறை தள்ளி மின்விசிறி முனகினால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவன் என்று பெருமையடித்துக்கொள்வான். அதனால் வைத்த பெயர். அன்றைக்கு அந்தக் காதின் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் சாதாரணமானதாக இருந்திருந்தால் தப்பு நடந்துவிட்டது என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அக்காவும் தங்கையும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். போன வருஷம் ஒரு மேடையில் இருவரும் பாடப் போனபோது, அறிவிப்பாளர் பெரியவள் பெயரை மட்டும் சொன்னார். சின்னவளின் மைக்கை யாரோ போட மறந்திருந்தார்கள். பெரியவள் கண்ணை மூடிப் பாடுகிற ஆள். பாட்டை முடித்துத்தான் கண்ணைத் திறந்தாள். 'தெரிஞ்சும் நிறுத்தாம பாடினா' என்பது சின்னவளின் வழக்கு. 'சத்தியமா தெரியாது' என்பது பெரியவளின் பதில். இடையில் மாமனார் கிடந்து அல்லாடினார். ஓய்வு பெறும்போது என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு பாடிக் குடுங்க, போதும்" என்றார். அப்படி இருவரும் முக்கி முனகி ஒப்புக்கொண்ட பாட்டு இது. இதிலும் சின்னவள் காணாமல் போனால் அவள் என்ன நினைப்பாள்?

"அவ குரல நான்தான் சொல்லி எடுக்க வெச்சேன்னு நினைப்பா" என்றாள் பெரியவள் வீட்டுக்கு வந்ததும். "இந்தத் தடவ போனா போனதுதாங்க. திரும்பி வரமாட்டா. உண்மையச் சொல்லுங்க, நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"நானா? நான் எதுக்குப் பண்றேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவன் தன் அறைக்குப் போய்க் கணினியைப் போட்டான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பாட்டை ஓடவிட்டான். சின்னவள் இருந்தாள். இருந்தாள் என்ன, இடது சுவரிலிருந்து வலது சுவர்வரை நிறைந்து நின்றாள். பெரியவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். அவனுக்கும்தான் புரியவில்லை.

பழியைப் பணிமனை ஸ்பீக்கர்மேல் போட்டுவிடலாம் என்ற நப்பாசையோடு மறுநாள் அங்கே போனான். அறிவிப்பு அறையில் இருந்த அம்மாள், பேருந்து எண்களைச் சொல்லி முடித்த இடைவெளியில், அவன் கொண்டுபோன வேறொரு ஜோடிப் பாட்டைப் போட்டுக் காட்டினார். அதில் இரண்டு குரலும் ஜம்மென்று கேட்டன.

"ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்ல தம்பி" என்றார் அந்த அம்மாள். "உங்க பாட்டுலதான் ஏதோ."

வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஆனால் அவமானத்தைவிடப் பெரிதாக வேறொன்று அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு குரல் எப்படிக் காணாமல் போகும்? வீட்டில் இருக்கிறது, இங்கே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தன் கைபேசியில் போட்டுக் காதருகே வைத்தான். அது பழைய போன். அதற்கும் ஒரே ஸ்பீக்கர். சின்னவள் இல்லை. ஹெட்போனைச் சொருகினான். வந்துவிட்டாள். பிடுங்கினான். போய்விட்டாள். சொருகினான், பிடுங்கினான். பக்கத்தில் நின்ற பெண்மணி இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான்கடி தள்ளி நின்றுகொண்டார். வழியில் ஒரு தையல் கடையில் கெஞ்சிக் கூத்தாடி அங்கிருந்த குட்டி ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தான். அங்கேயும் இல்லை. ஸ்பீக்கர் இரண்டாக இருந்தால் இருக்கிறாள், ஒன்றாக இருந்தால் இல்லை. அந்த இடத்தில்தான் அவனுக்குப் பொறி தட்டியது. தையல் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மிக்ஸிங் செய்கிற மென்பொருளில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு குமிழ் உண்டு. இடப்பக்கம் திருப்பினால் குரல் இடது ஸ்பீக்கருக்கு நகரும், வலப்பக்கம் திருப்பினால் வலதுக்கு. அதற்குப் 'பேன்' என்று பெயர். அதைச் சொன்னாலே பெரியவளுக்குத் தலை அரிக்கும். இந்தப் பாட்டில் அந்தக் குமிழோடு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெரியவளை நடுவிலும் சின்னவளை ஓரத்திலும் வைத்தால், தங்கையை ஒதுக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆளுக்கொரு ஓரம் வைத்தால், சண்டை இன்னும் தீரவில்லை என்று ஊருக்கே சொல்வது போலிருந்தது. இருவரையும் நடுவில் நிறுத்தினால், பெரியவளின் கனத்த குரல் மற்றதை விழுங்கிவிட்டது. எப்படி வைத்தாலும் பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டான் என்ற பேச்சு வரும்.

அதனால் சின்னவளுக்குத் தாராளமாக இடம் கொடுப்பது என்று முடிவு செய்தான். அவள் குரலை நகலெடுத்தான். ஒன்றை இடக்கோடியில் வைத்தான், மற்றதை வலக்கோடியில் வைத்தான். இரண்டும் ஒரே குரல் என்பதால் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு, ஒரு நகலின் ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டும் பொத்தானைச் சும்மா அழுத்திப் பார்த்தான். குரல் சட்டென்று விரிந்து அறை முழுக்கப் பரவியது. ஆகா என்று மகிழ்ந்துபோய் அப்படியே விட்டுவிட்டான்.

ஒரு கதவை இந்தப் பக்கமிருந்து ஒருவரும் அந்தப் பக்கமிருந்து ஒருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையுமா? இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும்வரை இரண்டு கதவுகள், ஆளுக்கொன்றைத் தள்ளுகிறார்கள். ஒற்றை ஸ்பீக்கரில் கதவு ஒன்றுதான். நேர் அலை தள்ள, தலைகீழ் அலை எதிரே தள்ள, மிஞ்சுவது மௌனம். மிக்ஸிங் பழகுகிறவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். முடித்த பாட்டை ஒற்றை ஸ்பீக்கரில் ஒருதரம் போட்டுக் கேள் என்பதும் அரிச்சுவடிதான். குரல் அவ்வளவு அழகாக விரிந்த பிறகு அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. இடம் கொடுக்கப் போய் ஆளையே இல்லாமல் ஆக்கியிருந்தான்.

சின்னவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். கடை ஓய்ந்திருக்கும் மதிய வேளையாகப் பார்த்து, கணினியையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றான்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணுமா அத்தான்?" என்றாள் அவள் முகம் கொடுக்காமல். "இல்லன்னா இது கடை நேரம்."

"தப்பு என்னோடது. அக்காவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஒரு தடவ கேட்டுடு."

"எதுக்கு? இப்ப என் குரல ஒட்டிக் கொண்டு வந்திருப்பீங்க. நான் கேட்டு ஏமாறணும்."

"அன்னைக்குப் போட்ட அதே பாட்டுதான். கைய வெக்கல."

வேண்டாவெறுப்பாக ஹெட்போனை வாங்கி மாட்டினாள். தன் குரல் வந்ததும் உதட்டைச் சுழித்தாள். அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். அது இரண்டு பக்கத்தையும் கலந்து ஒன்றாக்கும் பொத்தான். சின்னவள் காணாமல் போனாள். அவளது புருவம் ஏறியது. எடுத்தான், வந்தாள். அழுத்தினான், போனாள்.

"இருங்க, இருங்க" என்று அவளே பொத்தானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாடிக்கையாளருக்கு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது போல, இடது காதில் மட்டும் ஹெட்போனை விலக்கிக் கேட்டாள். பிறகு வலது காதில். "தனித்தனியா ரெண்டுலயும் நான் இருக்கேன். சேர்த்தா இல்ல. எப்படி?"

அவன் கதவுக் கதையைச் சொன்னான். அவள் கோபத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முழுதாக மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது.

"அக்காவையும் இதே மாதிரி இல்லாம பண்ண முடியுமா?"

"முடியும்."

"பண்ணுங்க. வாத்தியமும் வேணாம். நான் மட்டும் எப்படி இருக்கேன்னு பாக்கணும்."

அவன் சின்னவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். தன் மனைவியின் குரலை நகலெடுத்து, புரட்டி, இரண்டு கோடிகளிலும் வைத்து, ஒன்றாகக் கலந்தான். கிட்டாரை அடக்கினான். செய்யும்போது அவனுக்கு ஏனோ கை கூசியது. சின்னவள் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய மேஜைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் கேட்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"அக்காவத்தான் எடுத்துட்டீங்களே. அப்புறம் இது யாரு?"

அவன் ஒரு பக்க ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தான். தூரத்தில் பெரியவள் பாடிக்கொண்டிருந்தாள்.

"அவ மைக்குல இருந்தது போயிடுச்சு. இது உன் மைக்குல விழுந்தது. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல எதிரெதிரா நிக்க வெச்சேன்ல, அதான்." அப்படி நிற்க வைத்தால் பேசிக்கொள்வார்கள் என்று அவன் போட்ட கணக்கு அன்று பலிக்கவில்லை. இருவரும் தலையைத் தூக்காமல் தாளைப் பார்த்துப் பாடிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

பாட்டு மேலே ஏறியது. சின்னவள் உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நீளமாக நிறுத்தும் இடம் வந்தது. குரல் ஏறி நின்றது, லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு அடியில், எதிர்ப்பக்கமிருந்து, பாட்டாக இல்லாமல் முணுமுணுப்பாக ஒரு பேச்சு கேட்டது.

"விடாதடி... அப்படித்தான்... விடாத... விடாத..."

சுரம் முடியும்வரை அது ஓயவில்லை. முடிந்ததும் ஒரு பெருமூச்சு கேட்டது. அதுவும் பெரியவளுடையதுதான்.

காது என்று பெயர் வாங்கியவன் அதை அப்போதுதான் முதல்முறை கேட்டான். பெரியவளின் பதிவில் அந்த இடத்தில் சின்னதாக ஏதோ அலை தெரிந்ததும், தொண்டையைக் கனைத்திருப்பாள் என்று கண்ணால் பார்த்தே வெட்டி எறிந்திருந்தான். சின்னவளின் மைக்கில் விழுந்ததைக் கிட்டார் மூடியிருந்தது.

சின்னவள் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓடவிட்டாள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

"அந்தச் சுரம் எனக்கு வரவே வராது அத்தான். பாதியில விட்டுடுவேன். அது அவளுக்குத் தெரியும். அன்னைக்கு எப்படி நின்னுச்சுன்னு எனக்கே ஆச்சரியம்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அன்னைக்கு முழுக்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

"பேசியிருக்கா" என்றான் அவன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "கிட்டார் சேர்ந்தா இது வெளிய கேக்காதுல்ல?"

"கேக்காது."

"அப்ப எடுத்துடாதீங்க. அங்கயே இருக்கட்டும். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுடுங்க. அவ குரல் என்னை முழுங்கினாலும் பரவாயில்ல."

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். சின்னவள் அவரைக் கவனிக்காமல் கைபேசியில் ஒரு வருஷமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்த வேகத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுடி" என்றாள் பெரியவள்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னாள். "கண்ணு டெஸ்ட் பண்ணி வருஷத்துக்கு மேல ஆச்சு உனக்கு. பழைய கண்ணாடியையே மாட்டிட்டு இன்னும் தடவிட்டுத் திரியறியா?"

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கும் பதில் தெளிவாகக் கேட்டது.

"ஆமாடி. வேற கடைக்குப் போக மனசு வரல."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவன் கணினியை மூடிவிட்டு, வந்தவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றான். "இப்ப வந்துடுவாங்க."