மஞ்சள் துணியில் பாஸ்போர்ட்

பாஸ்போர்ட்டை அம்மாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னது என் அண்ணன் வளவன் செய்த முதல் தப்பு. "குடியுரிமை கிடைக்கிற வரைக்கும் இது ரொம்ப முக்கியம்மா" என்று சேர்த்துச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

அண்ணனுக்குக் கனடாவில் வேலை. அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு லீவில் திருவண்ணாமலைக்கு வந்திருந்தான். விண்ணப்பித்தாலும் பாஸ்போர்ட் நம்மிடமேதான் இருக்குமாம். நேர்காணலுக்குக் கூப்பிடும்போது கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் ராத்திரி சென்னையில் விமானம்.

"அம்மா, பாஸ்போர்ட் எங்க?"

அம்மா ரேணுகாம்பாள் பூஜை அலமாரியைக் காட்டினாள். மஞ்சள் துணியில், ஒரு ரூபாய்க் காசோடு சேர்த்து, இறுக்கி முடிந்து வைத்திருந்தாள்.

"உனக்குக் குடியுரிமை கிடைக்கணும்னு அண்ணாமலையாருக்கு முடிஞ்சி வெச்சிருக்கேன்."

"சரிம்மா, அவுத்துக் குடு."

"வேண்டுனது நடக்காம முடிச்ச எப்படிடா அவுக்கறது?"

"இது இல்லாம ஃப்ளைட் ஏற முடியாதும்மா. ஏறலன்னா நேர்காணல் போச்சு, குடியுரிமையும் போச்சு!"

"அது கிடைக்கட்டும், உடனே அவுத்துத் தரேன்."

கம்ப்யூட்டரில் எப்பேர்ப்பட்ட சிக்கலையும் தீர்க்கிறவனாம் என் அண்ணன். பேந்தப் பேந்த விழித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவன் முகம் வெளிறியதும் பாவமாகிவிட்டது.

"சாமிகிட்டயே கேட்டுட்டு அவுக்கலாமேம்மா?" என்றேன்.

அம்மா யோசித்தாள். "யாருக்காக முடிஞ்சமோ அவன் மலைய சுத்தி நடந்து, வழியில அடி அண்ணாமலையில உத்தரவு கேட்டா தப்பில்ல. ஆட்டோவெல்லாம் கூடாது. செருப்பும்தான்."

விடிந்ததும் அம்மா மஞ்சள் முடிச்சை இடுப்பில் செருகிக்கொள்ள, மூவரும் நடந்தோம். ரமணாசிரமம் தாண்டுவதற்குள் அண்ணன் நொண்ட ஆரம்பித்தான். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வெறுங்காலோடு எங்களை முந்திக்கொண்டு போனாள். "அவங்கள பாத்துக் கத்துக்கோ" என்றாள் அம்மா.

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவே கேட்டாள். "குடியுரிமை வந்துட்டா இந்தப் பாஸ்போர்ட்ட என்ன பண்ணுவ?"

"செல்லாதும்மா. ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் வெச்சிக்க முடியாது. ரத்துனு முத்திரை குத்திக் கையில குடுத்துடுவாங்க."

"அப்ப ஊருக்கு வரணும்னா?"

"இந்தியாகிட்ட அனுமதி வாங்கணும்."

"என்னப் பாக்கவா?"

அண்ணன் குனிந்து பாதத்தில் குத்திய கல்லைத் தட்டிவிட்டான். அதுவரை அவனைக் கிண்டலடித்துக்கொண்டு வந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடி அண்ணாமலை கோயிலில் அண்ணனை உத்தரவு கேட்கச் சொல்லிவிட்டு, அம்மாவும் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு நகத்தால் நெம்பி முடிச்சை அவிழ்த்து, காசை உண்டியலில் போட்டாள். பாஸ்போர்ட்டை மட்டும் உடனே தரவில்லை. அட்டையிலெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள்.

"இதுல அம்மா பேருன்னு என் பேரு போட்டிருக்கில்ல?"

"ஆமாம்மா."

"புதுசுல போடுவாங்களா?"

"போட மாட்டாங்கம்மா."

அம்மா தலையாட்டினாள். முந்தானையால் மஞ்சளைத் துடைத்து, பாஸ்போர்ட்டை அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"முத்திரை குத்துனப்புறம் தூக்கிப் போட்டுடாத. எனக்கு அனுப்பிடு. நான் பத்திரமா வெச்சிக்கிறேன்."